மறக்க முடியாத ஓர் அறை

பிப்ரவரி 12

தங்கச்சிக்கு,

போனில் கூப்பிட்டால் நான் கத்துவேன், நீ வைத்துவிடுவாய். கடிதம் என்றால் கிழித்துப் போடுவதற்காவது கையில் எடுத்தாக வேண்டும். அதனால்தான் எழுதுகிறேன்.

நேற்று உன் கட்டடக்கலைக் கல்லூரிக் கண்காட்சிக்கு நான் தனியாக வரவில்லை. நம் கடையில் பத்து வருடமாகச் சரக்கு எடுக்கிற கான்ட்ராக்டரையும் கூட்டிக்கொண்டு வந்தேன். வழியெல்லாம் பெருமை அடித்தேன். "எம் பொண்ணு முதல் வருஷம்தான் படிக்கிறா. அதுக்குள்ள ஒரு முழு ரூமையே கட்டியிருக்காளாம். சொல்லிக்குடுக்கிறது யாருங்கிறீங்க? எந்தங்கச்சி!" மனிதர் தலையை ஆட்டிக்கொண்டே வந்தார்.

நம் வாலு, தான் கட்டியதன் வாசலில் நின்றிருந்தாள். நாலு சனிக்கிழமையாக "வேலை இருக்குப்பா" என்று வீட்டுக்கு வராத பெண், அப்பனைப் பார்த்ததும் ஓடி வருவாள் என்று நினைத்தேன். "வாங்கப்பா. ஒவ்வொருத்தராத்தான் போகணும்" என்றாள். சினிமா டிக்கெட் கிழிக்கிறவன்கூட இன்னும் கொஞ்சம் முகம் கொடுப்பான்.

உள்ளே போனேன். ரூம் எங்கே? இரண்டு பக்கமும் பிளைவுட் நிறுத்திய ஒரு சந்து. முழங்கையைக் கொஞ்சம் விரித்தால் இரண்டு பக்கமும் இடிக்கிறது. பதினோரு அடி நீளத்துக்கு வெறும் சந்து! ஷீட் எட்டு அடி. எட்டிலேயே முடித்திருந்தால் ஒட்டுப் போட வேண்டாம், அரைகுறைத் துண்டும் விழாது. இதைக்கூடவா உன் கல்லூரியில் சொல்லிக்கொடுப்பதில்லை? பக்கத்து ரூமில் வேறு யாரோ சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தார்கள். கண்காட்சி நடக்கும்போது என்ன தச்சு வேலை?

கடைசியில் ஒரு பலகை. மிதித்து நின்றேன். ஒன்றும் நடக்கவில்லை. திரும்பலாம் என்று நினைக்கும்போது இடப்பக்கத்திலிருந்து ஒரு தட்டி வேகமாகச் சுழன்று வந்து, என் கன்னத்துக்கு ஒரு விரல்கடைத் தூரத்தில் 'டமார்' என்று நின்றது. காற்று மட்டும்தான் பட்டது. ஆனால் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அப்போதுதான் எதிரே மாட்டியிருந்ததைப் பார்த்தேன். நம் கடைக் காலண்டர். அதன் கீழே ஒரு சீட்டு: 'அறை. இடம்: அப்பாவின் குடோன். அகலம்: இரண்டே முக்கால் அடி.'

எனக்குப் பின்னால் கான்ட்ராக்டர் போய்விட்டு வந்தார். அவர் என்ன மடையரா? காலண்டரைப் படித்துவிட்டார். வெளியே நின்ற வரிசையைக் காட்டி, "பரவாயில்லை முதலாளி, உங்க கையால அறை வாங்க க்யூவே நிக்குது" என்றார்.

கழிவு ஷீட் இருந்தால் கொடு, பசங்க செய்து பழகட்டும் என்று நீ கேட்டாய். தண்ணீர் பட்டது, மூலை உடைந்தது என்று பார்த்துப் பார்த்து இருபது ஷீட் ஏற்றி அனுப்பினேன். என் பலகையை வாங்கி என்னையே அறைந்திருக்கிறாய். இதற்குப் பெயர் படிப்பா? கட்டில் போட்டால் அலமாரிக் கதவு திறக்குமா என்று சொல்லிக்கொடு. வாரத்துக்கு இரண்டு பேர் உன்னைப் போல் படித்தவர்கள் போட்ட வரைபடத்தோடு என் கடைக்கு வந்து அழுகிறார்கள்.

என் வீட்டு விஷயத்தை ஊர் பார்க்க வைக்கச் சொல்லி அவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தது? நீ.

அண்ணன்


பிப்ரவரி 17

அண்ணா,

கிழிக்கவில்லை. இரண்டு முறை படித்தேன். நீ அவளை அடித்தாய் என்ற சொல் அதில் எங்கேயும் இல்லை. ஷீட்டின் நீளம் இருக்கிறது, கான்ட்ராக்டரின் கேலி இருக்கிறது. அது மட்டும் இல்லை.

நடந்ததைச் சொல்கிறேன். முதல் வருடப் பிள்ளைகள் கையில் நாங்கள் ஆறு வாரம் அளவுகோலைக் கொடுப்பதில்லை. கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பார்கள். கயிறு கட்டி, துணி தொங்கவிட்டு, அட்டையை வெட்டி இடம் செய்து பார்ப்பார்கள். தாழ்வான கூரைக்குக் கீழே பத்து நிமிடம் நின்றவன் பிறகு காகிதத்தில் ஏழடி என்று சும்மா எழுத மாட்டான். உன் கடைக்கு வந்து அழுகிறவர்களின் வரைபடங்களைப் போட்டவர்கள், அப்படி நிற்காதவர்கள்.

அந்த வரிசையில் ஐந்தாவது பயிற்சி இது. நான் கொடுத்தது ஒரே ஒரு வரி: 'மறக்க முடியாத ஓர் அறையை முழு அளவில் கட்டு.' நான் ரூமைத்தான் சொன்னேன். பயிற்சித் தாளில் நல்ல தமிழ் வேண்டும் என்பது என் பிடிவாதம். வாலு கையைத் தூக்கினாள். "மேடம், அறைன்னா ரூமா, இல்லை அறையா?" என்று கன்னத்தைத் தொட்டுக் காட்டினாள். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். "உனக்கு எது மறக்க முடியலையோ அது" என்றேன். வாலுதானே, விளையாடுகிறாள் என்று நினைத்தேன்.

நாற்பது பேரில் முப்பத்தொன்பது பேர் ரூம் கட்டினார்கள். ஆஸ்பத்திரி ரூம், ஹாஸ்டல் ரூம், வாடகை வீட்டுச் சமையல் ரூம். அவள் ஒருத்திதான் மற்றதைக் கட்டினாள். கட்டி முடித்துத் திரையை விலக்கும் வரை யாரையும் பார்க்க விடவில்லை. என்னையும்தான். முதலில் உள்ளே போனவள் நான். நீ காற்று மட்டும் வாங்கினாய். நான் கத்தியே விட்டேன்.

ஏன் அடித்தாய்? நான் கேட்டேன், அவள் சொல்லவில்லை. "அது அப்பாகிட்ட கேளுங்க" என்றாள். கேட்கிறேன்.

தங்கை


பிப்ரவரி 21

தங்கச்சிக்கு,

கேட்டுவிட்டாய். வாங்கிக்கொள்.

போன மாதம் நாலு நாள் லீவில் வந்தாள் இல்லையா, அப்போது. குடோனில் பதினெட்டு எம்.எம். ஷீட் நாற்பதைச் சுவரில் சாய்த்து நிறுத்தியிருந்தோம். ஒன்று முப்பத்தைந்து கிலோ. கணக்கு நீயே போடு. அந்த அடுக்கு வழுக்காமல் நிற்பது அடியில் அடித்திருக்கும் ஒரு மர ஆப்பால். இவள் அந்தச் சந்தில் உட்கார்ந்து சாக்பீஸால் நிழலை வரைந்துகொண்டிருந்தாள். சரி, வரையட்டும் என்று விட்டேன். சற்று நேரத்தில் 'சர்ர்' என்று சத்தம். அடுக்கு ஒரு சாண் இறங்கிவிட்டது. அதன் முன்னால் தலையில் ஷீட்டோடு போய்க்கொண்டிருந்தவர் நம்மிடம் இருபது வருடமாக லோடு இறக்குகிற பெரியவர். மற்ற இரண்டு பேர் ஓடிப்போய்த் தோள் கொடுத்ததால் ஆள் தப்பித்தார்.

திரும்பிப் பார்த்தால், உன் மாணவி கையில் ஆப்பு.

"ஏன்டி எடுத்தே?" என்றால் என்ன சொன்னாள் தெரியுமா? "அத்தை குடுத்த எக்சர்சைஸ்ப்பா. ஒரு இடத்துல இருந்து ஒரே ஒரு பொருளை எடுக்கணும். இடம் எப்படி மாறுதுன்னு எழுதணும்."

நீ கொடுத்த பயிற்சிதானே? உன் நான்காவதோ மூன்றாவதோ. ஆப்பை எடுத்தால் இடம் மாறாது, தங்கச்சி. ஆள்தான் மாறுவார், மாலை போட்ட போட்டோவாக. ஆப்பசைத்த குரங்கின் கதையை நாம் எல்லாரும் படித்தோம். அதில் குரங்குக்கு வால் மட்டும்தான் போனது. இங்கே வாலே ஆப்பை அசைத்தது, போகவிருந்தது அடுத்தவன் உயிர்.

அடித்தேன். ஒரே ஒரு அறை. பத்தொன்பது வருடத்தில் முதல் தடவை. பயத்தில் விழுந்த அறை அது. யோசித்து அடித்ததில்லை, கை தானாகப் போனது. பிள்ளை நெருப்பில் கை வைத்தால் பெற்றவன் உட்கார்ந்து கட்டுரை எழுதுவானா?

அந்தச் சீட்டில் அகலம் எழுதத் தெரிந்தவளுக்கு ஆப்பு என்று மூன்று எழுத்து எழுதத் தெரியவில்லையா? இல்லை, எழுத வேண்டாம் என்று டீச்சர் சொன்னாரா?

நம் வீட்டில் ரூம் என்றால் ரூம். அறை என்றால் கன்னம். நல்ல தமிழ் எழுதுகிறேன் என்று நீதான் இரண்டையும் குழப்பினாய்.

அண்ணன்


பிப்ரவரி 26

அண்ணா,

உன் கடிதத்தைப் படித்தபிறகு ஒரு நாள் முழுக்க நான் எதுவும் சாப்பிடவில்லை. அந்தப் பயிற்சி என்னுடையதுதான். வீட்டில் ஒரு நாற்காலியை எடுப்பார்கள், ஒரு திரைச்சீலையை எடுப்பார்கள் என்று நினைத்தேன். குடோனில் வளர்ந்த ஒரு பெண் என் வகுப்பில் இருக்கிறாள் என்பது எனக்குத் தோன்றவில்லை. எனக்கே தோன்றவில்லை என்பதுதான் கேவலம்.

பெரியவரிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல். நேரில் வந்தும் கேட்பேன்.

ஆனால் மற்றதை விட முடியாது. வாலுவைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். அவள் பயிற்சிக் குறிப்பேட்டைக் கொண்டுவந்து காட்டினாள். ஆப்பை அவள் மறைக்கவில்லை. எங்கள் பிள்ளைகள் கட்டியதன் பக்கத்தில் குறிப்பேட்டைத் திறந்து வைப்பார்கள். வாசலிலேயே இருந்தது, நீ பார்க்கவில்லை. அந்தப் பக்கத்தில் இரண்டே வரி:

'எடுத்தது: ஆப்பு.
மாறியது: அப்பாவின் முகம்.'

"பயத்துல அடிச்சாராம்டி" என்றேன். உடனே பதில் வந்தது. "இல்ல அத்தை. முதல்ல ஆப்பை எங்கிட்ட இருந்து வாங்கினாரு. திரும்ப வெச்சாரு. சுத்தியல் எடுத்துட்டு வரச் சொல்லி மூணு தட்டு தட்டினாரு. அடுக்கை ஆட்டிப் பாத்தாரு. கையைத் துடைச்சாரு. அப்புறம்தான் நடந்து வந்தாரு."

பக்கத்து ரூமில் தச்சு வேலை நடக்கவில்லை, அண்ணா. அந்த மூன்று தட்டும் அவள் பதிவு செய்து ஒலிக்க வைத்தது.

பதினோரு அடி ஏன் என்று கேட்டாயே. ஆப்பு இருந்த இடத்திலிருந்து அவள் பின்வாங்கிப் போய் நின்ற இடத்துக்குப் பதினோரு அடி. நீ நடந்து வந்த தூரம். பலகையை மிதித்ததும் தட்டி ஏன் உடனே வரவில்லை? ஒரு மணல் மூட்டை மெல்ல இறங்கினால்தான் அது விடுபடும். நீ கையைத் துடைத்த நேரம் அது. எட்டு முறை மணலைக் கூட்டிக் குறைத்துச் சரி பார்த்தாளாம். "அடி வலிக்கலை அத்தை. நடந்து வந்தாருல்ல, அதுதான்" என்றாள். அழவில்லை.

இருபது வருடமாக இதைத்தான் நான் பிள்ளைகளுக்குச் சொல்ல முயன்றேன்: தூரமும் நேரமும் சேர்ந்துதான் ஓர் இடம் என்று. யாரும் இவ்வளவு நன்றாகச் செய்து காட்டியதில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை வெளியிலிருந்து தேர்வாளர்கள் வருகிறார்கள். அவர்கள் ஒப்புக்கொண்டால் இதை வேறு ஊர்க் கண்காட்சிக்கும் அனுப்புவேன். உன் காலண்டரை மட்டும் எடுத்துவிடச் சொல்கிறேன். அதற்குமேல் என்னால் முடியாது, செய்யவும் மாட்டேன்.

தங்கை


மார்ச் 3, செவ்வாய்

தங்கச்சிக்கு,

சரி. நடந்துதான் போனேன்.

வியாபாரி பொய் சொல்வான், ஆனால் மாட்டிக்கொண்ட பிறகு அதையே சொல்லிக்கொண்டிருக்க மாட்டான். அது நஷ்டம். அதனால் உள்ளதைச் சொல்கிறேன்.

ஆப்பைத் திரும்ப அடிக்கும்போதே பயம் போய்விட்டது. நிமிர்ந்து பார்த்தேன். ஐந்து லோடுமேன்கள் என்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். ஆறு மாதம் முன்பு ஒருவன் ஒரு ஆப்பை உருவி டீ கிளாஸுக்கு முட்டுக் கொடுத்திருந்தான். அன்றைக்கே வேலையை விட்டு அனுப்பினேன். அவன் பெண்டாட்டி கடை வாசலில் வந்து அழுதாள், அப்போதும் சேர்க்கவில்லை. அந்த ஐந்து பேருக்கும் அது தெரியும். இன்றைக்கு முதலாளி மகள் அதே தப்பைச் செய்திருக்கிறாள். முதலாளி என்ன செய்யப்போகிறான்? மகளை வேலையை விட்டு அனுப்ப முடியுமா?

அந்தப் பதினோரு அடியும் அதைத்தான் யோசித்துக்கொண்டு நடந்தேன். அவளை நான் பார்க்கவே இல்லை. அவர்களைப் பார்த்துக்கொண்டுதான் அவளை அடித்தேன். போதுமா?

இதை உன் அண்ணியிடம்கூடச் சொல்லவில்லை. வெறுங்கையோடு வந்து, தலையில் ஷீட் சுமந்து, அப்புறம் கடை போட்டவன் நான். என்னை நாலு பேர் மதிக்கிறார்கள் என்றால் அது அந்தக் குடோனில் எல்லாருக்கும் ஒரே சட்டம் என்பதால். அதை நான் காப்பாற்றிக்கொண்டேன். எதைக் கொடுத்துக் காப்பாற்றினேன் என்று இப்போது தெரிகிறது.

தெரிந்ததால்தான் சொல்கிறேன்: அதைக் கழற்று. கான்ட்ராக்டர் ஒருவர் பார்த்ததே எனக்குப் போதும். வேறு ஊர்க்காரன் வரிசையில் நின்று என் கையால் அறை வாங்க வேண்டாம். அவள் என்னிடம் நேரில் கத்தட்டும், சாப்பாட்டுத் தட்டைத் தள்ளட்டும், என்ன வேண்டுமானாலும் கேட்கட்டும். நான் பதில் சொல்கிறேன். ஆனால் பலகையிடம் எப்படிப் பதில் சொல்வது? அது நிற்கும்வரை அவள் வீட்டுக்கு வர மாட்டாள். அவளுக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் அதுவே சொல்லிக்கொண்டிருக்கிறது.

வெள்ளிக்கிழமைக்குள் கழற்றவில்லை என்றால் நானே வந்து டி.சி. வாங்கி அவளைக் கூட்டிக்கொண்டு போவேன். உன் படிப்பும் வேண்டாம், தேர்வாளரும் வேண்டாம். சும்மா மிரட்டுகிறான் என்று நினைக்காதே. நான் சொன்ன விலையில் ஒரு பைசா இறங்கியதை நீ பார்த்ததில்லை.

ஒன்று சொல்ல வேண்டும். அந்த மணல் மூட்டை ஏற்பாடு நல்ல வேலை. யார் சொல்லிக்கொடுத்தது?

அண்ணன்


மார்ச் 7

அண்ணா,

நீ கேட்டபடி கழற்றியாயிற்று. இருபது ஷீட்டில் பதினான்கு நல்ல நிலையில் இருக்கின்றன. வேண்டுமானால் வண்டி அனுப்பு.

தேர்வாளர்கள் வந்து போனார்கள். வாலுவின் இடத்தில் வெறும் சுவர் இருந்தது. அவள் முன்பு செய்த துணிப் பயிற்சியை வைத்துத் தேர்ச்சி போட்டேன். நீ டி.சி. கேட்டு வர வேண்டியதில்லை.

மணல் மூட்டையை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவளே யோசித்தாள்.

தங்கை


மார்ச் 20

தங்கச்சிக்கு,

வாலு வந்துவிட்டாள். போன சனிக்கிழமை கடை திறந்து சற்று நேரத்துக்கெல்லாம் பெட்டியோடு வந்து நின்றாள். ஹாஸ்டலைக் காலி செய்துவிட்டாளாம். உன்னிடம் சொன்னாளோ இல்லையோ, தெரியாது.

உட்காரக்கூட இல்லை. "அப்பா, ஒண்ணு கேக்கணும். அதைக் கழட்டச் சொல்லி நீங்க கேட்டீங்களா? இல்லை, அத்தையா செஞ்சாங்களா?" என்றாள்.

உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். வேறு வந்தது. "நான் எதுக்கும்மா கேக்கப் போறேன்? உங்கத்தையேதான் கழட்டினா" என்றேன். விலை பேசும்போது, 'எனக்கே அடக்கம் இவ்வளவு ஆச்சுங்க' என்று வாயில் வருமே, அந்த மாதிரிதான் வந்தது. பெட்டியோடு வந்து நிற்கிற பிள்ளை, 'ஆமாம், நான்தான்' என்றால் அந்தப் பெட்டியோடு திரும்பிப் போய்விடும் என்று தெரியும். உன்னை விற்றுத்தான் அவளை வாங்கினேன். வெட்கமாக இருக்கிறது. ஆனால் நடந்தது அதுதான்.

அவள் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள். நம்பிவிட்டாள். "அப்பவே நினைச்சேன்" என்றாள். பிறகு, "படிச்சது போதும்ப்பா. அங்கயும் நாலு பேருக்குப் பயந்துதான் எல்லாம் செய்யுறாங்க. அதுக்கு நான் இங்கயே இருக்கேன்" என்றாள். 'அங்கேயும்' என்றாள், கவனி. எனக்கும் சேர்த்துத்தான் அந்த 'உம்'.

அன்றிலிருந்து கடையில்தான் உட்காருகிறாள். வேலை சுத்தம். நேற்று ஒருவர் அலமாரிக்கு ஷீட் கேட்டு வந்தார். "கட்டில் எந்தப் பக்கம் வரும்? கதவு எந்தப் பக்கம் திறக்கும்?" என்று நாலு கேள்வி கேட்டு, வாங்க வந்ததில் ஒரு ஷீட்டைக் குறைத்து அனுப்பினாள். அந்த ஆள் இன்றைக்கு இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். நான் ஆசைப்பட்டதெல்லாம் நடக்கிறது. ஆனால் குடோனுக்கு மட்டும் போகவே மாட்டேன் என்கிறாள். பென்சிலை எடுத்தால் அளவு எழுத மட்டும்தான். நான் ஏதாவது கேட்டால், "சரிங்கப்பா." எது கேட்டாலும், "சரிங்கப்பா." சண்டை போடு என்றுகூடச் சொல்லிப் பார்த்தேன். "எதுக்குப்பா?" என்றாள்.

உன் அண்ணி நேற்று சோறு போட்டுக்கொண்டே, "மகளைக் கூட்டிட்டு வாங்கன்னா, வேலைக்கு ஆள் கூட்டிட்டு வந்திருக்கீங்க" என்றாள்.

நீ மாற்றிச் சொல்லிவிடாதே. அவ்வளவுதான் கேட்கிறேன். கொஞ்ச நாள் போகட்டும், நானே சொல்லிச் சமாளித்து, திரும்பப் படிக்க அனுப்பிவைக்கிறேன். நீ கெட்டவளாக இருப்பது இப்போதைக்கு எனக்கு வேண்டியிருக்கிறது.

அண்ணன்


மார்ச் 28

அண்ணா,

நீ பொய் சொல்லவில்லை. கவலைப்படாதே.

உன் கடிதம் எனக்கு வியாழக்கிழமைதான் கிடைத்தது. நான் புதன்கிழமையே கழற்றிவிட்டேன்.

அன்றைக்கு வகுப்பு முடிந்து எல்லாரும் போனபின் அவள் குறிப்பேட்டை மறுபடி பார்த்தேன். 'எடுத்தது: ஆப்பு.' தேர்வாளர்கள் இதைப் படித்ததும் முதலில் கேட்கப்போவது, 'எடுக்கச் சொன்னது யார்?' என்றுதான். ஒரு ஆசிரியை சொல்லி, ஒரு மாணவி, சரக்கு அடுக்கிலிருந்து ஆப்பை உருவி, ஒரு மனிதர் சாகப் பார்த்தார். அது வெளியே தெரிந்தால் அளவுகோல் இல்லாத ஆறு வாரமும் இருக்காது, ஒருவேளை நானும் இருக்க மாட்டேன். உனக்கு அவ்வளவு வீரமாக எழுதினேனே, 'செய்யவும் மாட்டேன்' என்று. எழுதி ஆறே நாள்.

அந்தப் பக்கத்தை முதலில் கிழித்தேன். பிறகு திருப்புளியை எடுத்தேன். நானே தனியாகக் கழற்றினேன். மூன்று மணி நேரம் ஆனது. உன்னைப் போலத்தான், யோசித்துக்கொண்டே செய்தேன். பயத்தில் கை தானாகப் போனது என்று நானும் சொல்ல முடியாது.

மறுநாள் அவள் வந்து வெறும் சுவரைப் பார்த்தாள். "யார் செஞ்சது?" என்றாள். "உங்கப்பா கேட்டார்டி" என்றேன். நீ கேட்டது எனக்கு அப்போது தெரியாது. அன்றைக்கு மத்தியானம்தான் தபால்காரர் வந்தார். கடிதத்தைப் பிரித்தால், 'அதைக் கழற்று.' நான் காலையில் சொன்ன பொய், மத்தியானம் உண்மையாகித் தபாலில் வந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. உண்மையாகவே சிரித்தேன், ஆசிரியர்கள் அறையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சனிக்கிழமை உனக்கு, 'நீ கேட்டபடி' என்று எழுதினேன். எவ்வளவு வசதியாக இருந்தது, தெரியுமா?

அவளிடம் நான் உன்னைச் சொன்னேன், நீ என்னைச் சொன்னாய். அவள் உன்னை நம்பினாள் என்று எழுதியிருக்கிறாய். எனக்குத் தெரியவில்லை, அண்ணா. இரண்டு பேரையும் கேட்டுவிட்டு, படிப்பை விட்டிருக்கிறாள். இதில் யாரை நம்பினாள் என்று நீயே யோசித்துக்கொள்.

நேற்று உன் ஊருக்கு வந்தேன். நீ சரக்கு எடுக்கப் போயிருந்தாய். முதலில் குடோனுக்குப் போய்ப் பெரியவரைப் பார்த்து மன்னிப்புக் கேட்டேன். "விடுங்கம்மா, ஒண்ணும் ஆகலையே" என்றார். அது சுலபமாக முடிந்தது. பிறகு கடைக்கு வந்தேன். அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும், கையோடு கூட்டிக்கொண்டு போய்விட வேண்டும் என்றுதான் வந்தேன். பஸ்ஸில் ஒவ்வொரு வாக்கியமாகச் சேர்த்து வைத்திருந்தேன்.

நிமிர்ந்து பார்த்தாள். "வாங்க மேடம். என்ன வேணும்?"

"வாலு, அத்தைடி."

"தெரியுது. என்ன வேணும்?"

குரலில் கோபம் இருந்தால் பேசியிருப்பேன். கோபம் இல்லை. உன் கடையில் எல்லாரிடமும் பேசுகிற குரல். நான் ஏதோ சொல்ல ஆரம்பித்து, "ஆணி" என்றேன்.

"எத்தனை இன்ச்?"

"ஒண்ணு."

"எவ்வளவு?"

"கால் கிலோ."

நிறுத்தாள், பொட்டலம் கட்டினாள், நீட்டினாள். வாங்கிக்கொண்டும் நான் அங்கேயே நின்றேன். எனக்குப் பின்னால் இரண்டு பேர் வந்துவிட்டார்கள். "கொஞ்சம் தள்ளி நில்லுங்க மேடம், ஆள் நிக்கிறாங்க" என்றாள்.

தள்ளி நின்றேன்.

தங்கை